விழாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம்

எங்கள் டிரஸ்டின் பெயர் வேண்டாம். அது இன்னும் இருக்கிறது, இன்னும் நல்லது செய்துகொண்டிருக்கிறது, அதனால்தான் சொல்லப் பயமாக இருக்கிறது. 1998-இல் ஹாலந்திலிருந்து நன்கொடை வந்து இறங்கியதும், பெங்களூரில் தள்ளாத வயதில் வீட்டில் தனியாக இருப்பவர்களை யாராவது கவனித்தே ஆக வேண்டும் என்று எங்கள் தலைவர் சீனிவாசராகவனுக்குத் திடீரென்று தோன்றியது. அவர் முப்பத்து நாலு வருஷம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கூட்டம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கூட்டம் இல்லாமல் கை நடுங்கத் தொடங்கியதால் டிரஸ்டுக்கு வந்தார் என்று ஆபீசில் பேச்சு.

திட்டத்தின் பெயர் ஒருங்கிணைந்த பராமரிப்பு. நர்ஸ் சொன்னது பிசியோதெரபிஸ்டுக்குத் தெரிவதில்லை, அவர் சொன்னது டாக்டருக்குத் தெரிவதில்லை, மூன்று பேர் சொன்னதும் சேர்ந்து கிழவருக்குப் புரிவதில்லை. இதையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிரிஸில்லா அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

பெங்களூர் ஜீவனஹள்ளியிலேயே பிறந்து, அங்கேயே சர்ச்சில் கல்யாணமாகி, அங்கேயே விதவையானவர். பதினெட்டு வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தார். படிப்பு எட்டாவது. ஆனால் காஸ் சிலிண்டர் எந்தத் தெருவில் எந்த நாளில் வரும், பென்ஷன் பணம் கொண்டுவரும் தபால்காரருக்கு எந்த வீட்டு நாயைக் கண்டால் பயம், எந்த மருந்துக்கடைக்காரன் அரை அட்டை மாத்திரை வெட்டிக் கொடுப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேர்முகத் தேர்வில் ‘ஒருங்கிணைப்பு என்றால் என்ன?’ என்று தலைவர் கேட்டாராம். ‘யாரு வரலன்னு பாத்து, போய் இட்டுக்கினு வர்றது சார்’ என்றாராம் அக்கா. சமூகப்பணிக்கென்றே எம்.எஸ்.டபிள்யூ. படித்த இரண்டு பேர் அதே கேள்விக்குக் கால்மணி நேரம் பதில் சொல்லியிருந்தார்கள். வேலை அக்காவுக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவருக்குச் சம்பளம் குறைவு.

நான் ஆதிகேசவன். அந்த ஆபீசில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுபவன். நர்ஸ் யூனிஸ் எழுதுவது ரோஸ் நிறப் படிவம். பிசியோ ராகேஷ் எழுதுவது பச்சை. சாப்பாட்டு ஆலோசகர் மமதா மேடத்துக்கு மஞ்சள். டாக்டருக்கு வெள்ளை, அதையும் அவர் நிரப்ப மாட்டார். நாலு நிறமும் என் மேஜைக்கு வரும். நான் நாலையும் நாலு தனித்தனிப் பக்கத்தில் ஏற்றுவேன். மாதக் கடைசியில் வண்ணப் பிரிண்டரில் ஒரு வட்டப் படம் வரும். அதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு.

அக்காவுக்கு இந்தப் படிவங்கள் மீது நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நூறு பக்க நோட்டைச் சணல் கட்டி ஆணியில் மாட்டிவைத்தார். யார் வந்தாலும், இன்றைக்கு என்ன செய்தோம் என்று அதில் இரண்டு வரி எழுத வேண்டும். தமிழோ கன்னடமோ இங்கிலீஷோ, ஏதோ ஒன்று. எழுதாமல் கிளம்பினால் அக்கா வாசலில் வழிமறித்து நிற்பார். டாக்டரையே ஒரு தடவை செருப்பைப் போட விடாமல் நிறுத்தியிருக்கிறார். நோட்டை அதிகாரபூர்வமற்ற ஆவணம் என்று தலைவர் அறிவித்தார். அக்கா சரி சார் என்று சொல்லிவிட்டு இன்னும் பத்து நோட்டு வாங்கினார்.

டிரஸ்டுக்கு ஒரே ஒரு வேன். ஜீவனஹள்ளிக்கு அது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கிடைக்கும். எல்லோரையும் அதே நாளில் ஒரே வேனில் ஏற்றி அனுப்பலாம் என்று அட்டவணை போட்டவர் அக்காதான். ‘ஒரே நாள்ல எல்லாரும் வந்துட்டா பெரியவங்களுக்கு மத்த ஆறு நாள் நிம்மதி’ என்றார். தலைவர் அந்த அட்டவணையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஹாலந்துக்கும் ஒரு நகல் போனது.

ரெமிஜியஸ் அந்த அட்டவணையின் முதல் பெயர். எழுபத்தொன்பது வயது, தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கழிப்பறை. மனைவி இறந்து ஆறு வருஷம். மகன் கிளெமென்ட் மஸ்கட்டில். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, இடது முழங்காலில் தேய்மானம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சுற்றி எங்கள் ஆட்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்தான் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டை.

1999 ஆகஸ்டில் அந்த அட்டைப்பட மனிதர் விழ ஆரம்பித்தார். முதல் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை நெற்றியில் இரண்டு தையல். செப்டம்பர் முடிவதற்குள் ஆறு தடவை ஆகிவிட்டது. ஆறாவதில் மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டார்.

திட்டத்தில் விதி ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் விழுந்தவர் ‘வீட்டில் இருக்கத் தகுதியற்றவர்’. ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால் ஒரு முதியோர் இல்லத்தோடு டிரஸ்டுக்கு ஏற்பாடு இருந்தது. அக்டோபர் பதினாலாம் தேதிக் கூட்டத்தில் ரெமிஜியஸை அங்கே மாற்றுவது என்று நிகழ்ச்சி நிரலில் வந்துவிட்டது. டிசம்பரில் ஹாலந்துக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஏழாவது தடவை விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்பதுதான் தலைவரின் கவலை. இல்லத்துக்குப் போய் விழுந்தால் அது இல்லத்தின் கணக்கு.

அக்கா இந்தச் செய்தியைப் பெரியவரிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன். படிவத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் பேசினார்.

“இந்த வூட்டுல நாப்பத்தாறு வருஷம்மா. லைட்டு போடாமயே எனக்கு பாத்ரூம் போவத் தெரியும். அங்க கொண்டுபோய் வுட்டீங்கன்னா மொத நாளே வுழுவேன். வுழக்கூடாதுன்னுதானே என்னை அனுப்புறீங்கோ?”

அதை எழுத எங்கள் நாலு நிறப் படிவத்திலும் கட்டம் இல்லை. கையெழுத்து வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா என் மேஜைக்கு வந்து, ரெமிஜியஸ் விழுந்த தேதிகளை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆகஸ்ட் பத்து என்றேன். இருபத்து நாலு. முப்பத்தொன்று. செப்டம்பர் ஏழு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. அக்காவின் விரல் காலண்டரில் ஒரே வரிசையில் இறங்கிக்கொண்டே போனது. ஆறும் செவ்வாய்க்கிழமை.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ராகேஷ், ‘செவ்வாய் தோஷமா இருக்கும், பரிகாரம் பண்ணுங்க’ என்றான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். இந்த ஆறு தேதிகளையும் ரோஸ் படிவத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றியவன் நான். தேதியை அடித்தால் கிழமையை அந்தக் கம்ப்யூட்டர் தானே பக்கத்தில் காட்டும். ஆறு தடவை காட்டியிருக்கிறது. நான் பிழை இல்லாமல் அடிப்பவன் என்று பெயர் வாங்கியவன், படிப்பவன் என்று யாரும் சொன்னதில்லை.

அக்கா நேரே ஜீவனஹள்ளிக்குப் போனார். பெரியவர் வீட்டுக்கு எதிரில் சரசு என்று ஒரு பெண்மணி இட்லிக் கடை வைத்திருந்தாள். தினமும் ஏழரை மணிக்கு மூன்று இட்லி பெரியவர் வீட்டுக்குப் போகும். செவ்வாய்க்கிழமையும் போகுமா என்று அக்கா கேட்டார்.

“செவ்வாக்கெழம அவுரு பச்சத்தண்ணி பல்லுல படவுடமாட்டாரே. அந்தோணியாருக்கு விரதமாச்சே” என்றாள் சரசு.

இதை அக்காவும் அறிந்துதான் இருந்தார். கத்தோலிக்கர்களுக்குச் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அன்றைக்குப் பட்டினி கிடந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஜூலைக் கடைசியிலேயே பெரியவர் செவ்வாய்க் காலையில் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து, அக்கா விஷயத்தை ஊகித்துக்கொண்டார். தான் வேறு சபைக்காரி, அடுத்தவர் விரதத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்ற மரியாதையில், நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார்: ‘செவ்வாய் விரதம். அந்தோணியார். தலையிட வேண்டாம்.’ அதைப் படித்துத்தான் யூனிஸ் கேட்கவில்லை, மமதா கேட்கவில்லை. ராகேஷ் இந்து, அவன் பாட்டுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இந்தத் தடவை அக்கா மரியாதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அங்கிள், எத்தினி வாரத்துக்கு நேந்துக்கினு இருக்கீங்கோ?”

“இன்னா நேத்திக்கடன்? விரதமெல்லாம் எங்கூட்டம்மாதான் இருப்பா. நான் எப்பம்மா இருந்தேன்?” என்றார் பெரியவர். “நீங்கதானே சொன்னீங்கோ. செவ்வாக்கெழம ரத்தம் எடுக்கணும், ஒண்ணும் சாப்புடாதீங்கன்னு.”

யூனிஸ் அப்படிச் சொன்னது உண்மை. ஜூலையில், ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. அது போதாதா? முப்பத்தெட்டு வருஷம் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய மனிதர். ரத்து என்று மறு உத்தரவு வரவில்லை, அதனால் ஒவ்வொரு செவ்வாயும் பட்டினி கிடந்தார். ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, ஆகவே காலை ஏழு மணிக்கு அதை மட்டும் ஒழுங்காக விழுங்கினார். பத்தரைக்கு ராகேஷ் வந்து முழங்காலுக்காக அவரை அறைக்குள் இருபது சுற்று நடக்க விடுவான். வெறும் வயிறு, உள்ளே மாத்திரை, இருபது சுற்று. ராகேஷ் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிய கையோடு சர்க்கரை இறங்கி மனிதர் விழுவார்.

இதற்கு மேல்தான் எங்கள் ஒருங்கிணைப்பின் அழகே இருக்கிறது. விழுந்த சத்தம் கேட்டு சரசு ஓடிவந்து, நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் குடிக்கவைப்பாள். அவர் தெளிந்து உட்காருவார். பதினொன்றரைக்கு யூனிஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறி இருக்கும். டீ குடித்ததை அவர் சொல்ல மாட்டார், உத்தரவை மீறிவிட்டோமே என்ற பயம். ரோஸ் படிவத்தில் ‘சர்க்கரை அதிகம்’ என்று ஏறும். அதைப் பார்த்து டாக்டர் ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார், ஒன்றரையை இரண்டு ஆக்கினார். பன்னிரண்டு மணிக்கு மமதா மேடம் வந்து, தலை சுற்றிக்கொண்டிருக்கும் மனிதரின் எதிரில் உட்கார்ந்து, ராகியும் கீரையும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விளக்குவார். மஞ்சள் படிவத்தில் அவர் எழுதியதை நான்தான் ஏற்றினேன்: ‘பயனாளி அமைதியாகக் கவனிக்கிறார்.’

ஊர் கூடித் தேர் இழுக்கும் என்பார்கள். நாங்கள் ஊர் கூடி ஒரு கிழவரைக் கீழே தள்ளியிருந்தோம்.

அக்டோபர் ஐந்து செவ்வாய்க்கிழமை. அக்கா காலை ஏழரைக்கே போய் எதிரில் உட்கார்ந்து, மூன்று இட்லியும் வயிற்றுக்குள் போகும்வரை எழவில்லை. மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்க டாக்டரிடம் சண்டை போட்டு எழுதி வாங்கியிருந்தார். அன்றைக்கு ராகேஷ் இருபத்திரண்டு சுற்று நடத்தினான். பெரியவர் விழவில்லை. பன்னிரண்டாம் தேதியும் விழவில்லை. ‘ராகியெல்லாம் எனக்குப் புடிக்காதும்மா’ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக மமதா மேடத்திடம் சொன்னாராம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்தது. நான் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன்.

அக்கா எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொல்லி முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம் திட்டம்தான் அவரை விழவைத்தது என்று குறிப்பில் ஏறினால் ஹாலந்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். சாப்பிட்டாரா என்று கேட்க ரோஸ் படிவத்தில் கட்டமே இல்லை என்றாள் யூனிஸ். பச்சைப் படிவத்தில் வலி உண்டா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றான் ராகேஷ். மமதா மேடம் தன்னுடைய துறை உணவு பற்றிய அறிவுதான், உணவு அல்ல என்றார். எல்லோரும் சொன்னது உண்மை. என்னை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை. டைப் அடிப்பவனை யார் கேட்பார்கள்? நானும் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தலைவருக்கே வழி கிடைத்தது. பயனாளி மத நம்பிக்கை காரணமாக விரதம் இருந்து விழுந்தார் என்று எழுதிவிடலாம். நோட்டில்தான் எழுத்து மூலமாக இருக்கிறதே. அதிகாரபூர்வமற்ற அந்த ஆவணம் அரை மணி நேரத்தில் அதிகாரபூர்வம் ஆனது. எல்லோர் முகத்திலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி. ஆனால் பட்டினி கிடக்கும் பிடிவாதமுள்ள சர்க்கரை வியாதிக்காரர் தனியாக இருப்பது ஆபத்து, ஆகவே முதியோர் இல்லத்துக்கு மாற்றும் தீர்மானம் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து நின்றார். அந்த அறையில் யாரும் எழுந்து நின்று பேசுவது வழக்கமில்லை.

“அவுரு விரதம் இல்ல சார். விரதம்னு எழுதினது நானு. ஒரு வார்த்த கேக்காம எழுதினேன். அட்டவணையும் நான்தான் போட்டேன். கோஆர்டினேட்டர் தப்புன்னு எழுதிக்கோங்கோ. பெரியவரு மேல தப்பு இல்லன்னும் எழுதுங்கோ. அப்பறம் அவுர வூட்ட வுட்டு எடுக்கறதுக்கு உங்களுக்குக் காரணம் இல்ல.”

யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் மிகவும் பெருந்தன்மையாக, உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவைப் பாராட்டினார். ரெமிஜியஸ் வீட்டிலேயே தொடர்வார் என்று தீர்மானமானது. அடுத்த தீர்மானத்தில் ஒருங்கிணைப்பாளர் பதவி கலைக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு ஐந்து பேர் கொண்ட ஒருங்கிணைப்புத் துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரிஸில்லாவுக்கு அந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டையும் நான் இங்கிலீஷில் டைப் அடித்தேன், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

துணைக்குழு ஒன்பது தடவை கூடியது. ரோஸ் படிவத்தில் ‘சாப்பிட்டாரா?’ என்று ஒரு கட்டம் சேர்ப்பதா என்று விவாதித்து, அச்சடித்த படிவங்கள் தீரட்டும் என்று முடிவு செய்தது. டிசம்பரில் ஹாலந்துக்காரர்கள் வந்து ரெமிஜியஸோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் அந்த வீட்டிலேயே 2004 வரை இருந்து, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கிடையில் ஒரே ஒரு தடவை விழுந்தார், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில்.

அக்கா பழைய நர்சிங் ஹோமுக்கே ஆயாவாகத் திரும்பிப் போனார். டியூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஏழெட்டு வீடுகளுக்குள் நுழைந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். இதற்கு அவரிடம் டிரஸ்ட் அடையாள அட்டையும் இல்லை, வேனும் இல்லை. காக்ஸ் டவுன் பக்கத்தில் டாக்டர்கள் இரண்டு பேர், டிரஸ்டுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டு அவர் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து அவரைக் கூப்பிடச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு மறக்காமல் இருப்பது கூட்டம் முடிந்த அந்தச் சாயங்காலம்தான். அக்கா குடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். யூனிஸ் மறு உத்தரவு சொல்லாததை, டாக்டர் மாத்திரையை ஏற்றியதை, ராகேஷை, எல்லாவற்றையும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே, எதற்காக அவ்வளவையும் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று கோபமாகக் கேட்டேன். கோபம் யார் மேல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

“யாரோ ஒருத்தர் பேர் போட்டாத்தான்பா அவங்க ஃபைலு மூடும். பெரியவர் பேரப் போட்டா அவுரு வூடு போவுது. என் பேரப் போட்டா வேலதானே?” என்றார். இரண்டு படி இறங்கி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ ஆறு தேதியும் டைப் பண்ணே ஆதி. அத்த மட்டும் நான் எங்கயும் சொல்லல. நீ பயப்படாத” என்றார்.

திரும்பி மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டி, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கதவு பன்னிரண்டு படி தூரத்தில்தான் இருந்தது, திறந்தும் இருந்தது. நான் அக்காவைப் பார்த்து, தேங்க்ஸ் என்றேன்.